குறுகிய வழி, எகானமி வகுப்பு

அறிவியலுக்கு எல்லை கிடையாது என்று பட்டமளிப்பு விழா மேடைகளில் முழங்குகிறார்களே, அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு எல்லை கிடையாதுதான். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று ஒரு ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூடவே நாலு சிண்டிகேட் உறுப்பினர்களையும் கூட்டிக்கொண்டு, போன ஊரில் ஒரு குரூப் போட்டோ, திரும்பிய ஊரில் ஒரு வரவேற்பு பேனர் என்று உலகம் சுற்றுகிறவர்களுக்கு எல்லை எங்கிருந்து வரும்? அந்த ஒப்பந்தங்களால் எந்த ஆய்வகத்துக்கு என்ன வந்தது என்று யாரும் கேட்பதில்லை. எல்லை என்பது ஆய்வு மாணவர்களுக்கென்றே தனியாகச் செய்து வைத்திருக்கும் சரக்கு. அது விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், தபால் வாங்கி முத்திரை குத்தும் மேசையில் தொடங்குகிறது.

ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். எதைச் சொன்னாலும் பொருந்தும். நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடைமடைக் கிராமம். அப்பாவுக்கு ஆறு மா நிலம், அதுவும் மழையையும் மேட்டூரையும் நம்பி. கொல்லையில் போட்ட போர் ஒரு காலத்தில் நல்ல தண்ணீர் கொடுத்தது. இப்போது பருப்பு வேகாத தண்ணீர் கொடுக்கிறது. ஏன் என்று கேட்கப் போய்தான் அவள் பிஎச்.டி.யில் வந்து விழுந்தாள். கடல்நீர் நிலத்துக்கடியில் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது, எந்த மாதத்தில் முன்னேறுகிறது, எந்த மழைக்குப் பின்வாங்குகிறது என்று கிணறு கிணறாக வாளியும் மீட்டருமாக அலைந்து அளந்து வைத்திருக்கிறாள். நாலாம் வருஷம். வியன்னாவில் ஒவ்வொரு வருஷமும், பெரும்பாலும் ஏப்ரலில், ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் பேரவை கூடும். பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள் வருகிற திருவிழா அது. அதற்கு ஒரு அப்ஸ்ட்ராக்ட் அனுப்பினாள். போஸ்டராக வைக்கலாம் என்று பதில் வந்துவிட்டது.

கைடிடம் ஓடினாள். அவர் மின்னஞ்சலை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்தார். "வெரி குட்மா. என் இனிஷியல் சரியா போட்டிருக்காங்களா?" என்றார். ஆய்வு பற்றி அன்று நடந்த பேச்சு அவ்வளவுதான்.

பிறகு விண்ணப்பம். உரிய வழியாக. இந்த உரிய வழி என்பது கைடு, துறைத்தலைவர், டீன், ஆராய்ச்சி இயக்குநர், நிதி அலுவலர், பதிவாளர், துணைவேந்தர் என்று மேலே ஏறி, அதே வழியாகக் கீழே இறங்கி, நடுவில் ஏதாவது ஒரு மேசையில் யாராவது கல்யாணத்துக்கு லீவு போட்டதால் படுத்துக்கொள்ளும் வழி. துணைவேந்தர் நாற்காலியே காலியாகக் கிடக்கும் பல்கலைக்கழகமாக இருந்தால், ஒரு கன்வீனர் கமிட்டி. அந்தக் கமிட்டி கூடினால் நல்ல காலம். ஃபைல் செக்‌ஷனுக்கு வந்த முதல் நாளே அவளுக்கு அழைப்பு வந்தது.

"இன்விடேஷன்ல சீல் இல்லையேம்மா."

"ஆன்லைன்ல வந்த லெட்டர் சார். அவங்க சீல் வைக்க மாட்டாங்க."

"கையெழுத்தும் பிரிண்ட் மாதிரி இருக்கே?"

"ஸ்கேன் பண்ணின கையெழுத்து சார்."

"நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்றது? ஒரிஜினல் வாங்கிட்டு வந்துரு."

"வியன்னாவுலேர்ந்தா சார்?"

"எங்கேர்ந்தோ."

அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஒரு முறை ஏதோ ஒரு பில்லில் சீல் இல்லாததற்காகச் சம்பளத்தில் பிடித்தம் வாங்கியவராக இருப்பார். மாணவி திருடி என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கு என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்கள். அவர்களுடைய பயணப் பில்லுக்கு சீல் கேட்டு அவர் படியேறிப் போனதாக வரலாறு இல்லை.

சரி, பணம். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 31,000-லிருந்து 37,000 ஆயிற்று. சீனியர் ஃபெல்லோவுக்கு 35,000-லிருந்து 42,000. அதற்கும் ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. மாதம் 42,000 என்கிறது ஆணை. மாதாமாதம் என்று சொல்லவில்லை. அதனால் சில மாதங்கள் வரும், சில மாதங்கள் வராது, திடீரென்று ஒருநாள் நாலு மாதத்துக்குச் சேர்த்து வந்து விழும். இந்த ஃபெல்லோஷிப்பும் நெட் தேர்வில் தேறி மேல்வரிசையில் வந்தவர்களுக்குத்தான். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத ஆய்வு மாணவருக்கு மாதம் 8,000. பல வருஷங்களாக அதே 8,000. மாநிலப் பல்கலைக்கழகத்தில் எதுவுமே கிடைக்காதவர்கள் ட்யூஷன் எடுத்துக்கொண்டு, சுயநிதிக் கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டு, மிச்ச நேரத்தில் பாரதத்தை வல்லரசாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பயண உதவி இல்லாமலில்லை. மத்திய அரசுத் திட்டங்கள் உண்டு. எகானமி வகுப்பு, குறுகிய வழி, அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட். ஆனால் பெரும்பாலும் பயணம் முடித்து ஊர் திரும்பிய பிறகுதான் பணம் கைக்கு வரும். முதலில் நீ செலவழி. பில்லை, போர்டிங் பாஸை, கலந்துகொண்டதற்கான சான்றிதழைக் கொண்டுவந்து கொடு. நாங்கள் பார்த்துத் தருகிறோம். இந்த ஏற்பாட்டை யோசித்தவருடைய வீட்டில் எப்போதும் இரண்டு லட்சம் ரூபாய் சும்மா படுத்திருந்திருக்க வேண்டும். இல்லாதவர் வீட்டில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. நான் சொல்கிறேன். அம்மாவின் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போகும். நகைக்கடன் என்று எந்த வருஷமும் அறிவியல் வளர்ச்சிக் கணக்கில் ஒரு தலைப்பு போட்டதாக நான் பார்க்கவில்லை. இந்த நாட்டின் எத்தனை கருத்தரங்குக் கட்டுரைகளுக்குப் பின்னால் அடகுச் சீட்டு இருக்கிறது என்று எண்ணினால் நமக்கு உண்மையான நிதி நல்கை அமைப்பு எது என்று தெரிந்துவிடும்.

பதிவுக் கட்டணம் மாணவர்களுக்கே சில நூறு யூரோ. கிரெடிட் கார்டில் கட்டுவதுதான் சுலபம். அவளிடம் இருப்பது ஏ.டி.எம். கார்டு. வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கும் கிரெடிட் கார்டு யாரிடம் இருக்கிறது என்று துறையில் விசாரித்துக்கொண்டு, ஒரு உதவிப் பேராசிரியையின் கணவர் அலுவலகம் முடிந்து வரும்வரை அவர்கள் வீட்டு வாசலில் ஓ.டி.பி.க்காகக் காத்துக்கொண்டிருந்தாள். இந்தியாவின் ஆராய்ச்சிச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம் என்று புள்ளிவிவரம் வாசிக்கிறோமே, அந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் காட்சி இது.

அதற்காகப் பெரிய எண்களே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்று 2023-ல் சட்டம் இயற்றினார்கள்; ஐந்து ஆண்டுக்கு 50,000 கோடி என்றார்கள், அதிலும் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வரும் என்ற நம்பிக்கையில். 2025-ல் ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கு ஒரு லட்சம் கோடி என்றார்கள், அது தனியார் நிறுவனங்களை ஊக்குவிக்க. லட்சம் கோடிக்கு எத்தனை பூஜ்யம் என்று விரல்விட்டு எண்ணலாம். அந்தப் பூஜ்யங்களில் ஒன்றுகூட நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்துக்கு இறங்கி வராது. அங்கே வந்து சேருவது "நிதி இருப்பைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும்" என்ற வரி மட்டும்.

அனுமதி ஒருவழியாக வந்தபோது ஏப்ரலுக்கு அதிக நாள் இல்லை. ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்று விதி. அந்த ஆறு மாதத்தில் ஐந்தைப் பல்கலைக்கழகம் தின்று ஏப்பம் விட்டிருந்தது.

ஷெங்கன் என்பது லக்சம்பர்க்கில் மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சிற்றூர். 1985 ஜூன் 14-ஆம் தேதி அங்கே ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாட்டுக்காரர்கள் உட்கார்ந்து, நமக்குள் இனி எல்லைச் சோதனை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். நல்ல காரியம். தங்களுக்குள் கதவைக் கழற்றிப் போட்டவர்கள் அந்தக் கதவுகளையெல்லாம் சேர்த்து வெளிவாசலில் பொருத்திவிட்டார்கள் போலிருக்கிறது. விசாக் கட்டணம் 80 யூரோவாக இருந்தது; 2024 ஜூனில் 90 ஆயிற்று. விசா மறுத்தாலும் திரும்பத் தர மாட்டார்கள். விண்ணப்பத்தை வாங்கும் வேலையைத் தனியார் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டிருப்பதால் அதற்குச் சேவைக் கட்டணம் தனி. எஸ்.எம்.எஸ். அனுப்பக் காசு. கூரியருக்குக் காசு. ஜெராக்ஸுக்கு வெளியே கேட்பதைப்போலப் பல மடங்கு காசு. இன்னும் கொஞ்சம் காசு கொடுத்தால் சோபாவில் உட்காரவைத்து காபி கொடுத்து, அதே படிவத்தை அதே ஆளிடம் அனுப்புவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா விதித்தொகுப்பு என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 16-ஆம் பிரிவில், அறிவியல் கருத்தரங்கில் கலந்துகொள்ளப் போகும் ஆய்வாளரிடம் விசாக் கட்டணம் வாங்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெருந்தன்மைதான். ஆய்வாளர் என்றால் யார் என்பதற்கு வேறொரு சட்டத்தைப் பார்க்கச் சொல்கிறது அந்த வரி. அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு கவுன்டரில் வாதாடுவதற்கு அவளுக்குச் சட்டத்திலும் ஒரு பிஎச்.டி. வேண்டும். "நான் ஆய்வாளர்" என்றாள். "ஸ்டூடன்ட்னுதான் போட்டிருக்கு மேடம்" என்றது கவுன்டர். பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதிச் சலுகை கேட்டால் நீ ஆய்வாளர் என்பார்கள். இங்கே ஆய்வாளர் சலுகை கேட்டால் நீ மாணவி. 90 யூரோ கட்டினாள்.

30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. பத்து விரல் ரேகை. 35-க்கு 45 மில்லிமீட்டரில் சிரிக்காத முகம். விசா கிடைக்கும்முன் டிக்கெட் வாங்காதே, ஆனால் டிக்கெட் முன்பதிவைக் காட்டு. இந்த விடுகதைக்கு விடையாக டம்மி டிக்கெட் என்று ஒரு தொழிலே நடக்கிறது. கருத்தரங்குக்கு வருகிறவளை முதலில் ஒரு போலிக் காகிதம் வாங்கச் சொல்லிவிட்டு, பிறகு அவள் யோக்கியமானவளா என்று சோதிக்கிறார்கள்.

அடுத்தது வங்கிக் கணக்கு. உன்னிடம் பணம் இருக்கிறதா? இல்லை. அப்பாவிடம் இருக்கிறதா? இல்லை. அப்படியானால் சொத்து? மாமா ஒருவர் ஒன்றரை லட்சத்தை மூன்று வாரத்துக்கு அவள் கணக்கில் போட்டு வைத்தார், படம் காட்டிவிட்டுத் திருப்பிக்கொடு என்று. ஆறு மா நிலத்துக்குப் பட்டா, சிட்டா, அடங்கல் எடுத்து, ஆடிட்டரிடம் போய் மதிப்புச் சான்று வாங்கி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைத்தார்கள். அந்த நிலத்தை உப்பு தின்றுகொண்டிருக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. அந்த நிலம் இருப்பதால் நான் கட்டாயம் ஊர் திரும்புவேன் என்பது அவளுடைய விசா விண்ணப்பம். இரண்டும் ஒரே பையில், ஒரே கவுன்டருக்குப் போயின.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகவே திட்டிவிடுகிறேன். உலகத்தைச் சூடாக்கி, கடலை உயர்த்தி, மற்றவன் கிணற்றில் உப்பைக் கலந்ததில் பெரும்பங்கு உள்ள நாடுகள், உப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொல்ல வருகிறவளைப் பார்த்து, உன் அப்பனுக்கு எவ்வளவு நிலம் என்று கேட்பது அயோக்கியத்தனம். அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கச் சொல்லி அவளைத் தனியாக அனுப்பிவிட்டு, ஒரு கடிதம்கூட எழுதாமல் உட்கார்ந்திருக்கும் நம்முடைய நிறுவனங்கள் அதைவிடப் பெரிய அயோக்கியத்தனம்.

இது அவளுக்கு மட்டும் நேர்வதில்லை. 2018-ல் கனடாவின் மான்ட்ரியாலில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களின் பெரிய மாநாடு. கறுப்பின ஆய்வாளர்களுக்காக அங்கே நடந்த கூட்டத்துக்கே ஆப்பிரிக்காவிலிருந்து வரவேண்டிய பலருக்கு விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2022-ல் அதே மான்ட்ரியாலில் உலக எய்ட்ஸ் மாநாடு. நோய் அதிகமாகத் தாக்கிய கண்டத்திலிருந்து வரவேண்டிய பிரதிநிதிகளில் பலர் வர முடியவில்லை. ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் தலைவி வின்னி பியன்யிமாவையே ஜெனீவா விமான நிலையத்தில் தடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். தலைவிக்கே அந்தக் கதி. ஒரு முறை ஒரு மாநாட்டுக்காரர்களுக்கு ரோஷம் வந்தது. ஆட்கள் வர முடியாவிட்டால் மாநாடு அவர்களிடம் போகட்டும் என்று 2020-ல் ஒரு பெரிய கணினி அறிவியல் மாநாட்டை எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் வைத்தார்கள். கோவிட் வந்து அதையும் திரைக்குள் தள்ளிவிட்டது. கிருமிக்கு மட்டும் அந்த வருஷம் விசா தேவைப்படவில்லை.

நம்முடைய முன்னோர்கள் கொடுத்து வைத்தவர்கள். சி.வி. ராமன் 1921-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குப் போனார். அதுதான் அவருக்கும் முதல் வெளிநாட்டுப் பயணம். திரும்பும்போது கப்பல் தளத்தில் நின்று மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, பையிலிருந்த நிகோல் பட்டகத்தை எடுத்துக் கண்ணில் வைத்து, பம்பாய் வந்ததும் நேச்சர் இதழுக்கு எழுதிப் போட்டார். இன்றைக்காயிருந்தால் ஃபைலில் குறிப்பு வந்திருக்கும். பட்டகத்தை நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்ல முன் அனுமதி பெறப்பட்டதா? கடலைப் பார்த்தது பயண நோக்கத்தில் சேருமா? மத்தியதரைக் கடல் குறுகிய வழிதானா? அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர், 1930-ல் 19 வயதில் பம்பாயில் கப்பலேறி, போகிற வழியிலேயே வெண்குள்ள நட்சத்திரங்களின் எடை வரம்பைக் கணக்குப் போட்டார். கரையில் இறங்கும்முன் செய்த வேலைக்குப் படி கிடையாது என்று அவருக்கும் எழுதியிருப்பார்கள்.

விசா வந்தது, விமானத்துக்கு இரண்டு நாள் முன்பு. அதற்குள் டிக்கெட் விலை ஏறியிருந்தது. மீதியிருந்த வேலை போஸ்டர். மாநாடுகளில் போஸ்டருக்கு ஏ-0 அளவு என்று ஒன்று சொல்வார்கள், கிட்டத்தட்ட மூணுக்கு நாலு அடி. ஊரில் அதை அடிக்கும் ஒரே இடம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஃப்ளெக்ஸ் கடை. அவளுக்கு முன்னால் ஒரு காதுகுத்து, ஒரு கண்ணீர் அஞ்சலி, வட்டச் செயலாளர் பிறந்தநாள் மூன்றும் வரிசையில் இருந்தன. கடைப்பையன் அவள் கொடுத்த பென் டிரைவைத் திறந்து வெகுநேரம் பார்த்தான்.

"அக்கா, இது என்ன ஃபங்ஷன்?"

"கான்ஃபரன்ஸ்."

"ஃபுல்லா கோடா இருக்கு, போட்டோவே இல்லையே. கைடு சாரு போட்டோவாவது மேல ரவுண்டுல வச்சுடவா? எடுப்பா இருக்கும்."

வேண்டாம் என்றாள். அவன் மனமில்லாமல் அடித்துக் கொடுத்தான். ஆனால் காசு வாங்கும்போது, அந்த நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகிற படத்தைக் காட்டி, "இது நம்ம வேளாங்கண்ணி பக்கம்தானே, ஏன் இவ்ளோ சிவப்பு?" என்று கேட்டான். உப்பு என்றாள். "எங்க அத்தை ஊரும் சிவப்புலதான் வருதுக்கா" என்றான். துறையில் ஒருவர்கூட அவ்வளவு கவனமாக அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

வியன்னாவில் இறங்கியதும் குடிவரவு அதிகாரி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டார்: எதற்கு வந்தாய்? மாநாட்டுக்கு. என்ன ஆராய்ச்சி? அவள் சொன்னாள். கிணறு, கடல், உப்பு, மழை என்று ஒரு நிமிஷம் பேசியிருப்பாள். அவர் கேட்டுக்கொண்டார், முத்திரை குத்தினார். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து அதிகார நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். சந்தேகப்பட்டுத்தான் கேட்டார் என்றாலும் கேட்டார்.

மாநாடு நடக்கும் கட்டடம் டான்யூப் நதிக்கு அந்தப் பக்கம், ஐ.நா. அலுவலகங்களை ஒட்டி, மெட்ரோவில் போகலாம். தங்கியது ஆறு பேர் படுக்கும் விடுதி அறையில். சாப்பாடு கெட்டிலில் வெந்நீர் வைத்துக் கரைத்தது. குடிநீருக்கு மட்டும் செலவில்லை. வியன்னாவின் குழாயில் ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர் வருகிறது. 1873-லேயே மலையிலிருந்து ஊருக்குக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் பிடித்து வளர்ந்தவள், பாட்டிலைக் குழாயில் பிடித்துப் பழக்கதோஷத்தால் பையிலிருந்த மீட்டரை விட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் குடித்தாள் என்று எழுதினால் உருக்கமாக இருக்கும். உண்மையில் ஊர் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னாள், அச்சிட முடியாது.

போஸ்டருக்கு ஆள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் காவிரி டெல்டாவையே செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்கிறவர். வீட்டில் உட்கார்ந்தபடியே நாலு நாளில் இந்திய இ-விசா வாங்கி, தரங்கம்பாடியில் இரண்டு வாரம் தங்கி, மீன் சாப்பிட்டு, படம் பிடித்துக்கொண்டு திரும்பியவர். அவரிடம் யாரும் அவர் அப்பாவின் பட்டா கேட்கவில்லை. நல்ல மனிதர்தான், மேலிருந்து தெரியாத விஷயம் கிணற்றுக்குள் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டு, அவளுடைய அளவுகளைக் கேட்டார். கைடுக்குத் தகவல் போனது. "குடுத்துடும்மா, கொலாபரேஷன்" என்று உடனே பதில் வந்தது. அவளுடைய எந்த மின்னஞ்சலுக்கும் அவர் அவ்வளவு வேகமாகப் பதில் போட்டதில்லை. அடுத்த வருஷம் அந்தக் கொலாபரேஷனைப் பார்வையிட அவர் போவார். துணைவியாருடன்.

வியன்னாவின் மத்தியக் கல்லறைத் தோட்டத்தில் இயற்பியலாளர் போல்ட்ஸ்மானின் சமாதி இருக்கிறது. ஒழுங்கின்மையை அளக்கும் அவருடைய சூத்திரத்தை அதன்மேல் பொறித்திருக்கிறார்கள். நம் நிர்வாகக் கட்டட முகப்பில் பொறிக்கவும் அது பொருத்தமானது. அந்த போல்ட்ஸ்மான் 1905-ல் கலிஃபோர்னியாவுக்குப் பாடம் நடத்தப் போய்விட்டு வந்து, நகைச்சுவையாக ஒரு பயணக் கட்டுரை எழுதினார். அதில் அவருடைய பெரிய குறை, பெர்க்லியில் மது கிடைக்கவில்லை, தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பக்கத்து ஊரிலிருந்து ஒயினைக் கமுக்கமாக வரவழைக்க வேண்டியிருந்தது என்பது. பேராசிரியர்களின் பயணத் துன்பங்கள் அந்தத் தரத்தில்தான் இருக்கும்.

ஊர் திரும்பியதும் செட்டில்மென்ட். தோஹாவிலிருந்து வியன்னாவுக்கான போர்டிங் பாஸ் போனில் வந்தது. ஒரிஜினல் எங்கே என்றார்கள். போன்தான் ஒரிஜினல் என்றாள். அப்படியானால் போனைக் கோப்பில் இணைக்க முடியுமா என்று ஒருவர் நிஜமாகவே யோசித்தார். விடுதி ரசீது ஜெர்மனில் இருந்தது. சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும், ஆனால் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் தெரிந்தவர் யாரும் இல்லை. தோஹா வழி குறுகிய வழிதான் என்பதற்கு வரைபடம் கேட்டார்கள். போஸ்டர் அடித்த ரசீதில் கடையின் பெயருக்குக் கீழே திருமண, அஞ்சலி பேனர்கள் என்று அச்சிட்டிருந்ததால் அது கல்விச் செலவில் வராது என்று தள்ளிவிட்டார்கள். டிக்கெட் விலை, ஒப்புதல் கொடுத்த நாளில் இருந்த விலையைவிட அதிகம். வித்தியாசத்தை ஏன் விண்ணப்பதாரரே ஏற்கக் கூடாது என்று விளக்கம் கேட்டார்கள். ஒப்புதலை ஐந்து மாதம் அடைகாத்தவரிடம் விளக்கம் கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. ஃபைல் மேலே போகிறது, கீழே வருகிறது. சங்கிலிக்கு வட்டி மாதாமாதம் தவறாமல் ஏறுகிறது. ஃபெல்லோஷிப்புக்கு இல்லாத ஒழுக்கம் வட்டிக்கு உண்டு.

இதற்கிடையில் தரவரிசைக்குப் புள்ளிவிவரம் அனுப்பும் காலம் வந்தது. வெளிநாட்டு மாநாடுகளில் பங்கேற்ற மாணவர்கள் என்ற பத்தியில் அவள் பெயர் முதலில் ஏறியது. பல்கலைக்கழக நாளன்று மேடைக்கு அழைத்து, சர்வதேச அரங்கில் நமது கொடியை நாட்டியவர் என்று மைக்கில் சொல்லி, பொன்னாடை போர்த்தி, ஆண்டறிக்கையின் அட்டைக்காகப் படம் எடுத்தார்கள். அந்தப் பொன்னாடைக்கும் அன்றைய டிபனுக்குமான பில் மறுநாளே பாஸாகிவிட்டது.